முயல் குடலில் இரண்டு முடிச்சுகள்: சம்பு நாத் தேயின் காலரா ஆய்வைப் பற்றி

வடிநீர் எழுதியது:

கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலம் முழுவதும் காலரா பாடத்தை ஒரே வரிசையில்தான் நடத்தினேன். 1854-இல் லண்டனில் ஜான் ஸ்னோ குடிநீரின் மீது குற்றம் சாட்டியது, அதே ஆண்டில் ஃபுளோரன்சில் பிலிப்போ பாச்சினி இறந்தவர்களின் குடலில் வளைந்த நுண்ணுயிரைக் கண்டது, 1884-இல் கல்கத்தாவில் ராபர்ட் காக் அதைத் தனியே பிரித்து வளர்த்தது என்று சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பில் ஒரே தாவலாகக் காலரா நச்சின் மூலக்கூறு அமைப்புக்குப் போய்விடுவேன். இடையில் கிடந்த ஆண்டுகளில் யார் என்ன செய்தார்கள் என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான், 'கரண்ட் சயின்ஸ்' இதழ் 1990-இல் சம்பு நாத் தேயின் நினைவாக வெளியிட்ட சிறப்பிதழைப் படித்தேன். 1915-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, லண்டனில் ராய் கேமரன் என்ற நோயியல் பேராசிரியரிடம் 1949-இல் முனைவர் பட்டம் முடித்து, அங்கேயே தங்கிவிடாமல் கல்கத்தாவுக்குத் திரும்பியவர். முதலில் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், 1955 முதல் 1973-இல் ஓய்வு பெறும் வரை கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையிலும் பணியாற்றினார். 1953, 1956, 1959 ஆகிய ஆண்டுகளில் அவர் வெளியிட்ட மூன்று கட்டுரைகள் குடல் தொற்று ஆய்வின் போக்கையே மாற்றின. அவற்றில், காலராக் கிருமி சுரக்கும் நச்சே குடலிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது என்று காட்டிய கடைசிக் கட்டுரை 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிடுகிறது.

நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் அவரை அந்தப் பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் பரிந்துரைத்தார் என்பதும், ஆனால் 1985-இல் இறக்கும் வரை நம் நாட்டின் அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதும் பலரும் எழுதிய செய்திகள். எனக்கு உறுத்துவது வேறு. இவ்வளவு தெளிவான கண்டுபிடிப்பைச் செய்தவர், அறுபதுகளின் தொடக்கத்துக்குப் பிறகு அந்த நச்சைத் தூய்மைப்படுத்தும் பணியில் ஏன் முன்னேறவில்லை? இத்துறையில் பழகியவர்கள் சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.

ஊசிமுனை எழுதியது:

வடிநீர் ஐயாவுக்கு வணக்கம். போற்றப்படாத மேதையின் கதை நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தமானது. அதனாலேயே எனக்கு அதன்மீது சற்றுச் சந்தேகம் உண்டு. பரிசு கிடைக்காத எவரையும் அந்தச் சட்டத்துக்குள் மாட்டிவிட முடியும்.

காலராக் கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது என்ற கருத்தைக் காக் 1884-லேயே முன்வைத்துவிட்டார். அப்படியிருக்க, அவர் ஊகித்ததை ஒரு முயலிடம் மெய்ப்பித்ததற்கு மேல் தே செய்தது என்ன? பாராட்டுரைகளை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, சோதனை என்ன, அதற்கு முன்பு மற்றவர்கள் எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதை மட்டும் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

வடிநீர் எழுதியது:

நியாயமான கேள்வி, நண்பரே. காக் நஞ்சைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அதைத் தேடிய இடம் தவறாகிப்போனது என்பதுதான் என் வாசிப்பு.

1892-இல் ரிச்சர்ட் பைஃபர், இறந்த காலராக் கிருமிகளின் உடலே நச்சுத்தன்மை உடையது என்று காட்டி, அதற்கு உள்நச்சு என்று பெயரிட்டார். கண்டுபிடிப்பு சரியானதுதான், பிற்காலத்தில் பல நோய்களைப் புரிந்துகொள்ள அது உதவியது. காலராவைப் பொறுத்தவரை அது ஆய்வாளர்களைத் திசைதிருப்பிவிட்டது. கிருமியின் சாற்றை விலங்கின் இரத்தத்திலோ வயிற்றறை உறையினுள்ளோ செலுத்துவார்கள். விலங்கு சில மணி நேரத்தில் துவண்டு இறந்துவிடும். உடனே நஞ்சு கிடைத்துவிட்டது என்று எழுதுவார்கள். அந்த விலங்குக்கு ஒருமுறையாவது பேதி போயிற்றா என்ற கேள்வி ஏனோ பின்னுக்குப் போய்விட்டது. காலராவில் மனிதன் சாவது உடலின் நீரெல்லாம் குடல் வழியே வடிந்து போவதால் அல்லவா? நீர் வடியாத ஒரு சாவைக் காலராவுக்கு மாதிரியாக வைத்துக்கொண்டு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கருத்தும் வலுவாக இருந்தது. கிருமி சுரக்கும் ஒரு நொதி குடலின் உட்சவ்வை உரித்துவிடுகிறது, உரிந்த இடத்தின் வழியே நீர் கசிகிறது என்பது அது. 1947-இல் பர்னெட்டும் ஸ்டோனும் அத்தகைய நொதி ஒன்றை ஆய்வகக் குழாயில் காட்டியிருந்தார்கள்.

தே கவனித்தது மிக எளிய ஓர் உண்மை. காலராக் கிருமி குடலை விட்டு வெளியேறுவதில்லை, இரத்தத்தில் பரவுவதுமில்லை. ஆகவே அது செய்யும் வேலையைக் குடலின் உட்புறத்தில்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த முயலுக்குக் காலராக் கிருமியை வாய்வழியாகக் கொடுத்தால் நோய் வருவதில்லை. காக் கினிப்பன்றிகளுக்கு நோய் வரவழைக்கவே இரைப்பை அமிலத்தைச் சோடாவால் முறித்து, குடலசைவை அபினால் நிறுத்த வேண்டியிருந்தது. தே வாயையும் இரைப்பையையும் அப்படியே விட்டுவிட்டார். முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு துண்டை இரண்டு பட்டுநூல் முடிச்சுகளால் இருபுறமும் கட்டி, அந்தப் பைக்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்தி, வயிற்றைத் தைத்து மூடினார். மறுநாள் திறந்தபோது அந்தத் துண்டு, அரிசி களைந்த நீரைப் போன்ற திரவத்தால் உப்பியிருந்தது. கிருமி செலுத்தப்படாத துண்டு சுருங்கியே கிடந்தது. 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

1959-இல் அவர் எடுத்து வைத்த அடி அடுத்தது. கிருமியைப் பெப்டோன் நீரில் (புரதச் சிதைபொருள் கலந்த எளிய வளர்ப்புநீர்) வளர்த்து, வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாத வடிநீரை மட்டும் செலுத்தினார். துண்டு அப்போதும் உப்பியது. அதாவது கிருமி தன் உடலை விட்டு வெளியே எதையோ சுரந்து அனுப்புகிறது. நீரை வெளியே இழுப்பதற்கு அது மட்டுமே போதும். கிருமி சாகவோ சிதையவோ தேவையில்லை. பைஃபரின் உள்நச்சு இந்த இடத்தில் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

லண்டனில் கேமரனோடு சேர்ந்து அவர் செய்த ஆய்வு, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது எப்படி என்பதைப் பற்றியது. ஒரு சவ்வின் இப்புறத்திலிருந்து அப்புறத்துக்கு நீர் ஏன் போகிறது என்று சில ஆண்டுகள் யோசித்துப் பழகிய மனிதர், ஊருக்குத் திரும்பிக் காலரா வார்டைப் பார்த்ததும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார் என்பது என் ஊகம்.

என் புனைபெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆய்வகத்து அணில் எழுதியது:

ஐயா எழுதியதைப் படித்தபோது என் கைகளுக்குப் பழைய நினைவு வந்துவிட்டது. ஆய்வு மாணவியாக இருந்த ஆண்டுகளில் இந்தச் சோதனையை நான் பலமுறை செய்திருக்கிறேன். நாங்கள் அதை 'லூப்' என்று மட்டும்தான் சொல்வோம். "நாளைக்கு லூப் இருக்கிறது" என்றால் முதல்நாள் இரவே முயலுக்குத் தீவனம் நிறுத்தித் தண்ணீர் மட்டும் வைக்க வேண்டும் என்று பொருள்.

காகிதத்தில் எளிமையாகத் தெரியும் இந்தச் சோதனையின் கடினம் முழுவதும் அந்த முடிச்சில் இருக்கிறது. குடலை அதன் பின்புறத்தில் விசிறிபோல் விரிந்த மெல்லிய சவ்வு ஒன்று தாங்கிப் பிடித்திருக்கும். குடலுக்குப் போகும் இரத்தக்குழாய்கள் எல்லாம் அந்த விசிறியின் கம்பிகளைப் போல ஓடும். நூல் கோத்த ஊசியை இரண்டு குழாய்களுக்கு நடுவே, குடல் சுவரை ஒட்டி நுழைத்து எடுக்க வேண்டும். முடிச்சுத் தளர்ந்தால் செலுத்திய திரவம் பக்கத்துத் துண்டுக்குக் கசியும். முடிச்சுக்குள் ஒரு குழாய் அகப்பட்டுக்கொண்டால் அந்தத் துண்டுக்கு இரத்தம் நின்றுபோகும். இதற்கிடையில் வெளியே எடுத்த குடல் உலர்ந்துவிடாமல் வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் மாதத்தில் நான் குழாயோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். மறுநாள் திறந்தபோது ஒரு துண்டு நன்றாகப் பருத்திருந்ததைக் கண்டு மகிழ்ச்சியில் கத்தியேவிட்டேன். அருகில் நின்ற மூத்த ஆய்வாளர் ஒன்றும் பேசாமல் அதன் நிறத்தைச் சுட்டிக்காட்டினார். கத்தரிப்பூ நிறம். உள்ளே இருந்தது இரத்தம் கலந்த கலங்கல் நீர். நச்சு வேலை செய்த துண்டு அப்படி இருக்காது. அதன் சுவர் வெளிறி, மெலிந்து, விளக்கொளியில் பிடித்தால் உள்ளே நீர் தளும்புவது தெரியும். அன்றைய பக்கத்தைக் குறிப்பேட்டில் குறுக்குக் கோடிட்டு அடித்தேன்.

ஊசிமுனை நண்பர் கேட்ட கேள்விக்கு என் பங்காக ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறையின் அழகு, ஒவ்வொரு முயலும் தனக்குத் தானே ஒப்பீடாக இருப்பதுதான். ஒரே விலங்கில், ஒரே நேரத்தில், ஒரு துண்டில் வடிநீர், அடுத்ததில் கிருமி வளராத வெறும் வளர்ப்பூடகம், அதற்கடுத்ததில் சூடாக்கிய வடிநீர் என்று வரிசையாகக் கட்டலாம். காலரா நச்சு வெப்பம் தாங்காது. சூடாக்கிய வடிநீர் பெற்ற துண்டு சுருங்கியே கிடக்கும். துண்டில் சேர்ந்த நீரை ஊசியால் உறிஞ்சி அளந்து, துண்டின் நீளத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைத்துவிடுகிறது. அதுவரை "விலங்கு இறந்தது", "இறக்கவில்லை" என்ற இரண்டே விடைகளை வைத்திருந்த துறைக்கு, தே ஓர் அளவுகோலைக் கொடுத்தார். பிறகு நச்சைத் தூய்மைப்படுத்த முனைந்தவர்கள் அனைவருக்கும், தாங்கள் பிரித்தெடுத்த பகுதிகளில் எதில் நச்சு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இப்படி ஓர் அளவுகோல் இல்லாமல் வேலை நடந்திருக்காது.

பழைய மாணவர் எழுதியது:

நான் வேதியியல் படித்தவன், மருத்துவம் அறியேன். ஓர் ஐயம் மட்டும். குடலின் உட்சவ்வு உரிந்து நீர் கசிகிறதா, அல்லது சவ்வு முழுமையாக இருக்கும்போதே நீர் வெளியேறுகிறதா? வடிநீர் வேலை செய்கிறது என்பதால் மட்டும் உரிதல் கருத்து தவறு என்று ஆகிவிடாதே? நொதியும் வடிநீரில் இருக்கக்கூடும் அல்லவா?

குறிஞ்சி எழுதியது:

மிகக் கூர்மையான ஐயம். நான் பொது மருத்துவம் பார்ப்பவள் என்பதால் இந்த இடத்தில் நுழைகிறேன்.

நீங்கள் சொல்வது சரி: 1959-ஆம் ஆண்டுச் சோதனை மட்டும் அந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை. அதைத் தீர்த்தது பாங்காக்கிலிருந்து வந்த வேறொரு வேலை. அங்கே காலரா பரவியபோது, நோயாளிகளை குளிகை வடிவச் சிறு கருவி ஒன்றை விழுங்கச் செய்து, உயிரோடு இருப்பவர்களின் சிறுகுடலிலிருந்தே திசுத் துணுக்குகளை எடுத்து கங்கரோசாவும் அவரது குழுவினரும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 1960-இல் வெளியான அவர்களது முடிவின்படி, பேதி கடுமையாக இருக்கும்போதும் உட்சவ்வு உரியாமல் இருந்தது. இறந்தவர்களின் குடலில் முன்பு கண்ட உரிதல், இறந்த பின் திசு சிதைவதால் நேர்வது. தேயின் முடிவையும் பாங்காக் முடிவையும் அருகருகே வைத்தால்தான் படம் முழுமையடைகிறது: நச்சு ஒன்று இருக்கிறது, அது செல்லைக் கொல்லாமலேயே செல்லின் நடத்தையை மாற்றுகிறது.

எப்படி மாற்றுகிறது என்பது அடுத்த பதினைந்து ஆண்டுகளில் தெரியவந்தது. நச்சு ஆறு துண்டுகளால் ஆனது. ஐந்து பி துண்டுகள் வளையமாக நின்று, குடல் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஜிஎம்1 என்ற கொழுப்புச் சர்க்கரையைப் பற்றிக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் ஏ துண்டின் ஒரு பகுதி செல்லுக்குள் நுழைந்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப்பொருளை உண்டாக்கும் நொதியை அணைக்க முடியாதபடி திறந்த நிலையிலேயே பூட்டிவிடுகிறது. குழாயைத் திறந்துவிட்டுப் பிடியை ஒடித்துப் போட்டதற்கு ஒப்பானது அது. தூதுப்பொருள் பெருகப் பெருக, குளோரைடு வெளியேறும் வாயில்கள் திறந்தே கிடக்கின்றன. உப்பு வெளியேறினால் நீரும் பின்தொடர்கிறது. கடுமையான நோயாளி ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை இழக்க நேரிடும்.

மருத்துவராக எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, செல் உயிரோடு இருக்கிறது என்ற அந்த ஒன்றுதான். சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்ளும் வாயிலை நச்சு தொடுவதில்லை. ஆகவே உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தால், ஒரு வாயில் வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதே மற்றொரு வாயில் உள்ளே வாங்கிக்கொள்ளும். சவ்வு உண்மையிலேயே உரிந்துபோகும் நோயாக இருந்திருந்தால் ஓ.ஆர்.எஸ். பயன்பட்டிருக்காது. 1971-இல் வங்கதேசப் போரின்போது, எல்லையோரப் போங்காவ் அகதி முகாமில் சிரைவழித் திரவம் தீர்ந்துபோகும் நிலை வந்தபோது, திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பீப்பாய்களிலிருந்து நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துப் புகட்டச் சொன்னார். முகாமில் முப்பது விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, அவரது மேற்பார்வையில் இருந்தவர்களிடையே நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

ஓ.ஆர்.எஸ்.ஸைத் தே கண்டுபிடித்தார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அப்படிச் சில இடங்களில் எழுதப்படுவதைப் பார்க்கிறேன். அது வேறு பலரின் உழைப்பு.

ஊசிமுனை எழுதியது:

குறிஞ்சி அம்மையாரின் கடைசி வரிக்கு நன்றி. அந்த நேர்மையோடு நானும் இரண்டு பெயர்களைச் சேர்க்கிறேன்.

முதலாவது, கட்டிய குடல் முறை தேயின் கையில் பிறந்த முதல் குழந்தை அல்ல. 1915-லேயே வியோல், கிரெந்திரோப்பூலோ என்ற இருவர் முயலின் குடலைக் கட்டிக் காலராக் கிருமியைச் செலுத்திப் பார்த்து, பிரெஞ்சு மொழியில் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார்கள். அதை எவரும் தொடரவில்லை. இரண்டாவது, அதே 1959-இல் பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தாவும் அவரது குழுவினரும், பால்குடி மறவாத முயல் குட்டிகளுக்கு உயிருள்ள கிருமி இல்லாத தயாரிப்பை வாய்வழியாகக் கொடுத்துப் பேதியை உண்டாக்கிக் காட்டினார்கள். ஒரே நாட்டின் இரண்டு நகரங்களில், ஒரே ஆண்டில், இரண்டு வெவ்வேறு வழிகளில் நச்சு வெளிப்பட்டிருக்கிறது. தேயைப் போற்றும் கட்டுரைகளில் தத்தாவின் பெயர் பெரும்பாலும் ஒரு வரிக்கு மேல் பெறுவதில்லை. புறக்கணிப்பைப் பற்றிப் பேசும்போது நாமே ஒருவரைப் புறக்கணிப்பது நன்றாக இல்லை.

ஆனாலும் ஆய்வகத்து அணில் சொன்ன அளவுகோல் வாதத்தை ஏற்கிறேன். முன்பே ஒருவர் செய்தார் என்பதால் தேயின் பங்கு குறைந்துவிடுவதில்லை. 1915-இல் செய்தவர்கள் குடல் உப்பியதைக் கண்டார்கள். கிருமியை வடிகட்டி விட்டால் என்ன ஆகும் என்ற அடுத்த கேள்விக்கு அந்தச் சோதனையைக் கருவியாக்கியவர் தே.

வடிநீர் எழுதியது:

தத்தாவின் பெயரை விட்டுவிட்டது என் பிழை. ஏற்றுக்கொள்கிறேன்.

நான் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை என்பதால், எனக்குத் தோன்றுவதை நானே எழுதிவிடுகிறேன், தவறிருந்தால் திருத்துங்கள். நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தது அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கல்ஸ்டீனும் லோஸ்பலூட்டோவும், 1969-இல். வடிநீரிலிருந்து ஒரு புரதத்தைத் தனியே எடுக்க வேண்டுமானால் குளிரூட்டப்பட்ட மையவிலக்கி வேண்டும், புரதங்களைப் பிரிக்கும் கூழ்மத் தம்பங்கள் வேண்டும், லிட்டர் லிட்டராக வளர்ப்பூடகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, புரத வேதியியல் தெரிந்த ஒருவர் பக்கத்து மேசையில் வேண்டும். தேயின் மூன்று கட்டுரைகளையும் பாருங்கள்: முயல், பட்டுநூல், ஊசி, வடிகட்டி, பெப்டோன் நீர். ஒரு மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையில் கிடைக்கக்கூடியவற்றின் எல்லை வரை அவர் போயிருக்கிறார். எல்லைக்கு அப்பால் இருந்தது வேறொரு துறை. அதோடு, நோயியல் துறைத் தலைவர் என்றால் விரிவுரை, தேர்வு, பிணக்கூறாய்வு, மருத்துவமனைப் பரிசோதனைகள் எல்லாம் அவர் தலையில்தான். மீதிப் பொழுதில்தான் முயல்.

எழுதுவதை அவர் உடனே நிறுத்திவிடவுமில்லை. 1961-இல் காலராவின் நோயியலைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் வெளிநாட்டு நிதியோடு புதிதாகத் தோன்றிய ஆய்வகங்கள் (1960-இல் டாக்காவில் தொடங்கப்பட்ட காலரா ஆய்வகம் அவற்றுள் ஒன்று) வேகமாக ஓடத் தொடங்கிய பிறகு, அவர் அந்த ஓட்டத்தில் இல்லை. 1978-இல் ஸ்டாக்ஹோமில் காலராவையும் அதைச் சேர்ந்த பேதி நோய்களையும் பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். அறுபதுகளின் தொடக்கத்திலேயே நான் இறந்துவிட்டேன், இந்தக் குழுதான் என்னைத் தோண்டி எடுத்தது என்ற பொருளில் அவர் அங்கே சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. வேடிக்கையாகத்தான் சொல்லியிருப்பார். படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வகத்து அணில் எழுதியது:

காலராவைச் சுற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். 1956-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பற்றி யாரும் பேசவில்லையே! என் பார்வையில் அது மற்ற இரண்டுக்கும் குறைந்ததல்ல.

ஈ. கோலை எல்லோர் குடலிலும் அமைதியாக வாழும் நுண்ணுயிர். அதில் சில வகைகள் குழந்தைகளுக்குப் பேதியை உண்டாக்குகின்றன என்ற கருத்து நாற்பதுகளில் இருந்தே இருந்தது. ஆனால் ஒரு நோயாளியின் மலத்தில் ஈ. கோலை கிடைத்தால் அதுதான் காரணமா, வழக்கமாக அங்கே இருப்பதா என்று பிரித்தறிவது பெரும்பாடு. தேயும் அவரது இணை ஆய்வாளர்களும் பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை வகைகளை முயல் குடலில் கட்டிப் பார்த்தார்கள். சில வகைகளில் காலராவில் கண்டது போலவே துண்டு நீரால் உப்பியது. கிருமியின் பெயரைப் பார்க்காமல் அதன் செயலைப் பார்த்து வகைப்படுத்த முடியும் என்பது அதில் தெரிந்தது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஈ. கோலையின் வெப்பம் தாங்கா நச்சு கண்டறியப்பட்டது. அது காலரா நச்சோடு அமைப்பில் ஏறத்தாழ எண்பது விழுக்காடு ஒத்துப்போகும் உடன்பிறப்பு என்பது பின்னால் தெரியவந்தது. பயணிகளுக்கு வரும் பேதியில் கணிசமான பங்கு இந்த வகையால் வருவது.

செயலைப் பார் என்ற இந்தப் பாடம் 1992-இன் இறுதியில் மறுபடியும் தேவைப்பட்டது. சென்னையில், அப்போது மெட்ராஸ், காலராவைப் போன்றே பேதி பரவியது. அடுத்து வங்காளத்திலும் வங்கதேசத்திலும் பரவியது. ஆனால் நோயாளிகளிடமிருந்து கிடைத்த கிருமி ஓ1 எதிர்சீரத்தோடு (ஓ1 என்ற மேலுறை வகையை அடையாளம் காட்டும் சோதனைத் திரவம்) திரளவில்லை. கொள்ளைநோய்க் காலரா என்றாலே ஓ1 என்பது அதுவரை வேதவாக்கு. திரளாதவற்றை எல்லாம் 'ஓ1 அல்லாதவை' என்ற ஒரே கூடையில் போட்டுவிடுவது வழக்கம். இந்தக் கிருமியின் மேலுறை புதிது, நச்சு பழையது. அதற்கு ஓ139 என்று எண் கொடுத்தார்கள். நச்சுக்கான மரபணுக்கள் பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸோடு (பாக்டீரியோஃபேஜ்) கிருமியிலிருந்து கிருமிக்குப் பயணம் செய்யக்கூடியவை என்று வால்டரும் மெகலானோசும் 1996-இல் காட்டியதற்குப் பிறகு, காலராக் கிருமி என்பது ஓர் இனத்தின் பெயரா, அந்த வைரஸைச் சுமக்கும் ஒரு நிலையின் பெயரா என்றே கேட்கத் தோன்றுகிறது.

இப்போது எங்கள் துறையில் முயல் லூப் பெரும்பாலும் இல்லை. நச்சு இருக்கிறதா என்று பார்க்க முதலில் வளர்ப்புச் செல்கள் வந்தன, பிறகு எதிர்ப்பொருளைக் கொண்டு நச்சைக் காணும் எலிசா, இன்று நச்சின் மரபணுவைத் தேடும் பிசிஆர். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் லூப் சோதனைக்கு அனுமதி கேட்டால், வேறு வழியே இல்லையா என்றுதான் முதலில் கேட்பார்கள். கேட்பது சரியும்கூட.

பழைய மாணவர் எழுதியது:

வேதியியல்காரனின் இன்னொரு ஐயம், பொறுத்துக்கொள்ளுங்கள். தே பயன்படுத்தியது வெறும் பெப்டோன் நீர் என்கிறீர்கள். ஆய்வகக் குழாயில் வளரும் கிருமி, குடலில் சுரக்கும் அதே நச்சை அங்கேயும் சுரக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஊடகம் மாறினால் சுரப்பும் மாறும் அல்லவா?

ஆய்வகத்து அணில் எழுதியது:

தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இந்த இழையிலேயே இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி.

காலராக் கிருமியின் ஓ1 வகையில் இரண்டு உயிர்வகைகள் உண்டு: செவ்வியல் வகை, எல் டோர் வகை. செவ்வியல் வகைக்கு எளிய ஊடகமே போதும், நச்சைத் தாராளமாகச் சுரக்கும். எல் டோர் வகை ஆய்வகக் குழாயில் நச்சைச் சுரப்பதில் கஞ்சன். அதை நச்சு சுரக்க வைப்பதற்காகவே ஜப்பானிய ஆய்வாளர்கள் எண்பதுகளில் தனி ஊடகம் ஒன்றை உருவாக்கினார்கள். அதில் கிருமியை முதல் சில மணி நேரம் அசைக்காமல் வைத்து வளர்த்து, பிறகு குலுக்கி வளர்க்க வேண்டும். நான் ஆய்வு மாணவியாக இருந்தபோது, அந்த முதல் கட்டத்தில் யாரோ குடுவையைக் குலுக்கியில் வைத்துவிட்டதால் ஒரு வாரத்து வேலை வீணான அனுபவமும் உண்டு.

ஐம்பதுகளில் கல்கத்தா மருத்துவமனைகளுக்கு வந்த நோயாளிகளிடம் இருந்தது செவ்வியல் வகை. எல் டோர் வகை 1961-இல் இந்தோனேசியாவிலிருந்து பரவத் தொடங்கி, 1964-இல்தான் இந்தியாவுக்குள் நுழைந்தது. பிறகு சில ஆண்டுகளுக்குள் இங்கே செவ்வியல் வகையைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. தே தம் சோதனையைப் பத்தாண்டுகள் தள்ளிப்போட்டு, அன்றன்று வார்டிலிருந்து வந்த கிருமியையே அதே பெப்டோன் நீரில் வளர்த்து வடிகட்டியிருந்தால், முயலின் குடல் துண்டு பலமுறை சுருங்கியே கிடந்திருக்கலாம்.

வடிநீர் எழுதியது:

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை, அம்மா. அந்த ஊடகத்தின் செய்முறையை, குறிப்பாக எத்தனை மணி நேரம் அசைக்காமல் வைக்க வேண்டும் என்பதை, நேரம் கிடைக்கும்போது இங்கே எழுத முடியுமா? என்னிடம் படித்த ஒருவர் இப்போது ஆய்வு மாணவராக இருக்கிறார். எல் டோர் வடிநீரில் நச்சே வரவில்லை என்று சென்ற வாரம்தான் புலம்பினார்.

ஆய்வகத்து அணில் எழுதியது:

37 பாகையில், ஊடகத்தைச் சோதனைக் குழாயின் விளிம்பு வரை நிரப்பி, நான்கு மணி நேரம் அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள், ஐயா. அதன் பிறகு அகன்ற குடுவைக்கு மாற்றி இரவு முழுவதும் குலுக்க வேண்டும். ஊடகத்தில் சேர்க்கும் சோடியம் பைகார்பனேட்டைத் தனியே வடிகட்டி, பயன்படுத்தும் அன்றுதான் கலக்க வேண்டும். அதை ஊடகத்தோடு சேர்த்து ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் கலன்) வைத்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அவர் எதில் தடுக்கினார் என்று கேட்டு எழுதுங்கள்.